முப்பத்து மூன்று அம்மணி நீளம்

அவரை எல்லோரும் ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். குடிநீர்த் துறையில் முப்பத்தொரு வருஷமாக வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எண் எழுதுகிறவருக்கு வேறு என்ன பெயர் மிஞ்சும்? தண்ணீர் மீட்டரை எவனும் மனிதன் நின்றபடி பார்க்கும் உயரத்தில் வைப்பதில்லை. குழிக்குள் இருக்கும், படிக்கட்டுக்கு அடியில் இருக்கும், நாய் கட்டிப் போட்ட மூலையில் இருக்கும். ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு, நூற்றிருபது முறை குனிந்து நிமிர வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் குனிவது ஒன்றும் பெரிதில்லை. நிமிர்வதுதான் பெரும்பாடு.

வேலையில் சேர்ந்த முதல் நாள் மேலதிகாரி ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்தார். “கண்ணுல பட்டதை எழுது. மனசுல பட்டதை எழுதாத.” எண் கூடுதலாக இருக்கிறதே, குறைவாக இருக்கிறதே என்று மீட்டர் பார்ப்பவன் சொந்தமாக யோசிக்க ஆரம்பித்தால் ஊர் தாங்காது என்பது அவர் கட்சி. மீட்டர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட அவர் சந்தேகப்பட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இந்தப் பெருமைதான் பின்னால் அவர் காலை வாரியது.

மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பெரிய இயந்திரத்திலிருந்து ஈரப் போர்வைகளை வாரித் தள்ளுவண்டியில் போட்டு, உலர்த்தும் அறைக்குக் கொண்டுபோய், மறுபடி வாரி, மறுபடி போட வேண்டும். இருபத்து மூன்று வருஷமாக அதுதான். சாயங்காலம் இருவரும் வீடு வந்து சேர்ந்தால் கால்மணி நேரம் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு வராது. சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை, பேசத் தெம்பு இருக்காது, அவ்வளவுதான். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். ஞாயிறன்று போன் செய்து “நல்லா இருக்கீங்களா?” என்பாள். “இருக்கோம்” என்று இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள்.

இந்த மனிதருக்குக் குட்டி ரயில் பித்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. டயர் கடை மாடியில் ஒரு கூடம். அதில் ஒன்பது பேர் ஞாயிறு மாலைகளில் கூடுவார்கள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், எல்லோர் வீட்டிலும் இதைப் பற்றித் தலையில் அடித்துக்கொள்ள ஆள் உண்டு. கூடத்தின் நீளத்துக்கும் பலகை போட்டு, தங்கள் ஊர் ரயில் பாதையை எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பலகைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘லேஅவுட்’. முதன்முதலில் அந்த வார்த்தையைக் கேட்ட அவர் மனைவி, யாரோ வீட்டுமனை விற்கிறார்கள், இந்த மனுஷன் ஏமாறப்போகிறார் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் பயந்தாள்.

பாலம் செய்தாகிவிட்டது. கைகாட்டி மரம், சரக்குக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, எல்லாம் செய்தாகிவிட்டது. நட்டநடுவில் மட்டும் அறுபது செண்டிமீட்டர் நீளத்துக்கு வெறும் பலகை பல்லிளித்தது. ஊரின் பெரிய ரயில் நிலையம் வர வேண்டிய இடம் அது. கருங்கல் கட்டிடம், பதினொரு வளைவு, நடுவில் மணிக்கூண்டு. ஊரைப் பார்க்காதவன்கூட அதைப் படத்தில் பார்த்திருப்பான். அதற்கு அட்டைப்பெட்டியில் துண்டுகளாக விற்கும் தயார்நிலை மாடல் எங்கும் கிடையாது. அட்டையையும் பிளாஸ்டிக் தகட்டையும் வெட்டி ஒன்றுமில்லாததிலிருந்து கையால் செய்ய வேண்டும். யார் செய்வது என்று தீர்மானித்த நேரத்தில் மீட்டர் கழிப்பறைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆனால் அவர் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவர் எழுதிய லட்சக்கணக்கான எண்களில் ஒன்றுகூட அவருடையது இல்லை, எல்லாம் யாரோ குடித்த தண்ணீர். இந்த ஒரு கட்டிடமாவது தன் கையால் நிற்கட்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. வயதான ஆசை, பொல்லாதது.

ரயில்வேக்கு எழுதி வரைபடம் கேட்டார்கள். பாதுகாப்புக் காரணங்களால் இயலாது என்று பதில் வந்தது. மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு நேரே போனார். முதல் தூணை அளப்பதற்குள் காவலாளி பிடித்துவிட்டான்.

“சார், இங்க அளக்கக் கூடாது.”

“ஏம்பா, நான் என்ன கட்டிடத்தைத் தூக்கிட்டா போகப் போறேன்?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. டேப் எடுத்தா உள்ள கூட்டிட்டுப் போவேன். போட்டோ எடுத்துக்கங்க. குடும்பத்தோட வந்து ஜோரா எடுத்துக்கங்க. யாரும் கேக்க மாட்டாங்க.”

குடும்பத்தோடு! மீட்டருக்குப் பொறி தட்டியது. வீட்டுக்கு வந்து மனைவியைச் சுவரோரம் நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தை வைத்து அளந்தார். நூற்று ஐம்பத்தேழு செண்டிமீட்டர். நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த ஞாயிறு அவளை ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போய் ஒரு வளைவின் கீழ் சுவரை ஒட்டி நிற்கவைத்துப் படம் எடுத்தார். படத்தில் அவள் எத்தனை மில்லிமீட்டர், வளைவு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்தால் போதும், வளைவின் உண்மை அளவு வந்துவிடும். காவலாளி தூரத்தில் இருந்து சிரித்துக்கொண்டே பார்த்தான். வயதான ஜோடி, ஆசையாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்திருப்பான்.

டயர் கடை மாடியில் இந்தச் சேதி பரவியதும் ஒரே சிரிப்பு. “ஒரு வளைவு எவ்வளவு அகலம், மீட்டர்?” என்று கேட்டார் சங்கச் செயலாளர். அவர் ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார்.

“என் சம்சாரத்தைப் போல மூணு.”

அன்றிலிருந்து அங்கே ‘அம்மணி’ என்று ஒரு புது அளவு பிறந்தது. ஒரு அம்மணி என்றால் நூற்று ஐம்பத்தேழு செண்டிமீட்டர், மாடலில் பதினெட்டு மில்லிமீட்டர். வளைவு மூன்று அம்மணி அகலம். பதினொரு வளைவுக்கு மொத்தம் முப்பத்து மூன்று அம்மணி நீளம். மணிக்கூண்டு பதினாலு அம்மணி உயரம். பாலம் செய்தவர்கூடத் தன் பாலத்தை அம்மணிக் கணக்கில் சொல்ல ஆரம்பித்தார். இதை மீட்டர் வீட்டில் சொன்னபோது அவள், “இருபது வருஷமா துணி தொவைக்கிறேன், ஒரு பய என் பேரைச் சொன்னதில்ல. இப்பவாச்சும் எதுக்கோ உதவுறேனே” என்றாள். கேலியா சந்தோஷமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் இல்லை.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. வாரத்தில் அவளுக்கு ஒரே நாள்தான் விடுமுறை. அந்த நாளில் பாதியை ஏதாவது ஒரு சுவரோரம் நின்று கழித்தாள். வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து ஞாயிறு. முதல் வருஷம் முன்பக்கமும் இரண்டு ஓரச் சுவர்களும். அடுத்து மணிக்கூண்டு, படிகள், கூரை விளிம்பு. கடைசியாக இந்த வருஷம் நடைமேடையைப் பார்த்த பின்பக்கம். வார நாட்களில் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையின் பாதியில் மீட்டர் அட்டை வெட்டுவார். நாற்பத்தாறு ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலுக்கும் மூன்று அடுக்குச் சட்டம். மை தீர்ந்த பேனா முனையால் அட்டையில் அழுத்தி அழுத்திக் கல் வரிசைகளைக் கோடு போட வேண்டும். ஒரு வளைவு முடிந்தால் அதைப் பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடிவிட்டு அடுத்தது. முட்டி வலிக்கும், கண் எரியும், பசை ஒட்டிய விரல் பிரியாது. மேசையின் மறுபாதியில் இருவரும் முழங்கை இடிக்கச் சாப்பிடுவார்கள்.

பின்பக்கத்து முதல் வளைவைக் கணக்குப் போட்டபோது மூன்று அம்மணிக்குப் பதிலாக மூன்றும் பத்தில் ஒன்றும் என்று வந்தது. ஒரு நொடி பேனா நின்றது. பிறகு கண்ணில் பட்டதை எழுதினார். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் பின்பக்கத்தைக் கொஞ்சம் தாராளமாகக் கட்டியிருப்பார்கள், நாம் யார் திருத்த?

கண்காட்சிக்கு ஏழு வாரம் இருக்கும்போது செயலாளர் கெடு வைத்தார். நூலகத்துக் கூடத்தில் ஊரே வந்து பார்க்கப்போகிறது. நடுவில் வெறும் பலகையோடு காட்ட முடியாது.

“மீட்டர், வருத்தப்படாதீங்க. நீங்க முடிக்கலேன்னா கடையில வாங்கின ஸ்டேஷன் ஒண்ணு இருக்கு, அதை வச்சுருவோம்.”

“அதுக்குப் பனி பெய்யற ஊர்க் கூரை. நம்ம ஊர்ல எங்கங்க அப்படி ஒரு கூரை இருக்கு?”

“கூரையாச்சும் இருக்கே” என்றார் செயலாளர்.

அடுத்த ஞாயிறு காலை மீட்டர் டப்பாக்களைத் திறந்து எல்லாத் துண்டுகளையும் மேசைமேல் பரப்பினார். அன்று மேசை முழுவதும் அவருக்கே. பதினொரு வளைவை வரிசையாக ஒட்டி முன்சுவர், பதினொரு வளைவை ஒட்டிப் பின்சுவர், இரண்டு பக்கமும் ஓரச் சுவர்கள். நான்கையும் நிமிர்த்திச் சேர்த்தார். சேரவில்லை. பின்சுவர் முன்சுவரைவிட இரண்டு செண்டிமீட்டர் நீளமாக மூலையைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. உயரத்திலும் அரை செண்டிமீட்டர் துருத்தியது. மேலே கூரையை வைத்தால் நொண்டியது.

அட்டை ஈரத்தில் ஊதிவிட்டது என்றார். படம் அச்சடித்த கடைக்காரனைத் திட்டினார். கேமராவைத் திட்டினார். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்கே திரும்பிவிட்டாள். மூன்று வருஷ உழைப்பு மேசைமேல் கோணிக்கொண்டு நிற்கும்போது சொல்வதற்கு என்ன இருக்கிறது?

மாலையில் செயலாளர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “கட்டிடமே கோணலோ என்னவோ. போய் ரெண்டு பக்கமும் கல்லு வரிசையை எண்ணிப் பாருங்க. எண்ணிக்கை ஒண்ணா இருந்தா கட்டிடம் நேரு, உங்க அளவுகோல்தான் தப்பு.”

மறுநாள் வேலைக்கு நடுவே மீட்டர் ரயில் நிலையத்துக்குப் போனார். முன்பக்கம் நின்று தரையிலிருந்து கூரை விளிம்பு வரை எண்ணினார். முப்பத்தெட்டு வரிசை. பின்பக்கம் போய் எண்ணினார். முப்பத்தெட்டு. காவலாளி பக்கத்தில் வந்து அவர் பார்க்கும் திசையில் தானும் அண்ணாந்து பார்த்தான். எண்ணக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லாததால், “அம்மா வரலையா சார்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

கட்டிடம் நேர். அப்படியானால் அளவுகோல் தப்பு. அளவுகோல் யார்?

வீட்டுக்கு வந்து முதல் வருஷத்துப் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூன்று வருஷமாக அந்தப் படங்களில் அவர் அவளை ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறாரே ஒழியப் பார்த்ததில்லை. ஒரே மாதிரிக் கல், ஒரே தட்டைச் செருப்பு. முதல் படத்தில் அவள் தலை ஐந்தாவது கல் வரிசையின் மேல்கோட்டைத் தாண்டித் தெரிந்தது. கடைசிப் படத்தில் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டது. கோடு அவள் தலைக்கு மேலே, தனியாக, தெளிவாக ஓடியது.

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். “கொஞ்சம் எழுந்து வா” என்றார்.

“எதுக்கு?”

“அளக்கணும்.”

“அதான் அப்பவே அளந்தாச்சே. மனுஷி என்ன தினம் வளருவாளா?”

“வாயேன்.”

அவள் கத்தியை வைக்கவில்லை. “வேலை கிடக்குதுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றாள். கையைப் பிடித்து எழுப்பிச் சுவரோரம் நிறுத்தினார். தலைமேல் புத்தகம் வைத்தார். நூற்று ஐம்பத்திரண்டு. டேப்பைச் சுருட்டிவிட்டு மறுபடி இழுத்தார். நூற்று ஐம்பத்திரண்டு.

“நேரா நில்லு.”

“நேராத்தான் நிக்கிறேன்.”

“இன்னும் கொஞ்சம்.”

“இதுக்கு மேல நேரா நிக்க வரலங்க” என்றாள் அவள். சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. இரண்டு வருஷமாக முதுகு வலி. ஒரு நாள் ஈர மூட்டையைத் தூக்கும்போது உள்ளே ஏதோ நறுக்கென்றது. அதன் பிறகு இன்னொரு தடவையும் அப்படி. நர்சம்மா கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு வேலை செய்தாள். சலவைக்கூடத்தில் வலிக்கிறது என்று சொல்லும் பெண்ணை இலேசான வேலைக்கு மாற்ற மாட்டார்கள், வீட்டுக்குத்தான் மாற்றுவார்கள். மேல் அலமாரிச் சாமான்களையெல்லாம் கீழே இறக்கி வைத்தாள். துணிக்கொடியை ஒரு சாண் இறக்கிக் கட்டச் சொன்னாள். இவரும் ஏன் என்று கேட்காமல் இறக்கிக் கட்டினார்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“எப்பச் சொல்றது? நீங்களும் அப்பாடான்னு வந்து முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவீங்க. ரெண்டு பேருக்கும் வலின்னா அப்புறம் அடுப்பை யாரு பத்த வைக்கிறது?”

அவருக்குக் கோபம் வந்தது, அவள்மேல் அல்ல. ஊரில் உள்ள அத்தனை வீட்டு எண்ணும் தெரியும், சொந்த வீட்டில் எது குறைகிறது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மிச்ச வெங்காயத்தை அவர் நறுக்கினார்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பேனாவால் சுட்டிக் காட்டினார். முதுகெலும்பில் இரண்டு கட்டை நசுங்கியிருந்தது. எலும்பு உள்ளுக்குள் பலம் இழந்துவிட்டது, பாரம் தாங்காமல் அமுங்கியிருக்கிறது என்றார்.

“போன உயரம் திரும்பி வராதும்மா. இனிமே குறையாம பாத்துக்கலாம், அவ்வளவுதான். மூட்டை தூக்கவே கூடாது. எப்ப ஆரம்பிச்சுது? திடீர்னா, கொஞ்சம் கொஞ்சமாவா? இதுக்கு முன்னால உயரம் அளந்து வச்சிருக்கீங்களா? யாரும் வச்சிருக்க மாட்டாங்க, இருந்தாலும் கேக்கறேன்.”

மனைவி அவரைப் பார்த்தாள். அவர், “வச்சிருக்கேன் டாக்டர். நாளைக்குக் கொண்டுவரேன்” என்றார்.

நாற்பத்தொரு படங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி. அன்று மாலை அவற்றையெல்லாம் மேசைமேல் வரிசையாக அடுக்கினார். இத்தனை நாள் அவளை வைத்துக் கட்டிடத்தை அளந்தவர், அன்று கட்டிடத்தை வைத்து அவளை அளந்தார். கல் மாறாது. முதல் படத்துக் கணக்கில் ஒரு வரிசை முப்பத்தொரு செண்டிமீட்டர். நூற்று ஐம்பத்தேழு என்று எழுதினார். நூற்று ஐம்பத்தேழு. பதினாறு படம் வரைக்கும் அதே. பதினேழாவது படத்தில் நூற்று ஐம்பத்தைந்து. அப்படியே பல மாதம். முப்பத்து மூன்றாவது படத்தில் நூற்று ஐம்பத்திரண்டு.

அந்த முப்பத்து மூன்றாவது ஞாயிறு அவருக்கு நினைவிருந்தது. நடைமேடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து அவசர அவசரமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவள் நிமிராமல் நின்றாள். மூன்று தடவை சொன்னார். நாலாவது தடவை நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். “ஒழுங்கா நிக்கக்கூடத் தெரியாதா?” என்றார். அவள், “வெயில் கண்ணுல அடிக்குதுங்க” என்றாள். இப்போது படத்தை உற்றுப் பார்த்தார். நடைமேடைக்குக் கூரை உண்டு. அவள் நின்ற இடம் முழுக்க நிழல். உள்ளே எலும்பு அமுங்கி நாலைந்து நாள்கூட ஆகியிருக்காது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிடத்துக்கு அளவாக நின்றிருக்கிறாள். மீட்டர் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா மறுநாள் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலை நிமிரவே இல்லை. “இவ்வளவு சரியா யாருமே கொண்டு வந்ததில்ல. நல்லாக் கவனிச்சிருக்கீங்க சார்” என்றார். அந்தப் பாராட்டு அவரைச் சுட்டது.

அன்று சாயங்காலமே மீட்டர் டயர் கடை மாடி ஏறினார். கண்காட்சி நெருங்கியதால் அங்கே இப்போது தினமும் ஆள் இருந்தது. படி ஏறும்போதே என்ன சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார். “கடையில வாங்கினதை வச்சுருங்க. என்னால ஆகாது” என்றார். செயலாளர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். மீட்டர் காரணம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சுவர்களைப் பிரித்து டப்பாவில் போட்டு மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். இனி அந்தக் கல்லையும் வளைவையும் பார்க்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. பெருக்கினார், துவைத்தார், உப்பில்லாமல் சமைத்தார். அவள் முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவர் தப்பும் தவறுமாகச் செய்வதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்திலிருந்து யாரும் விசாரிக்க வரவில்லை. ஒரு தாள் மட்டும் வந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு காலை, செயலாளர் போன் செய்தார். மீட்டர் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததால் அவள் எடுத்துப் பேசினாள். அவர் கீழே இறங்கி வந்தபோது அவள் முகமே சரியாக இல்லை.

“ஸ்டேஷன் வேணாம்னு சொல்லிட்டீங்களாமே?”

“ஆமா.”

“யாரைக் கேட்டுச் சொன்னீங்க?”

“எனக்கு மனசு வரல. அதைப் பாத்தாலே ஒன்னை நிக்க வச்சுக் கொடுமைப்படுத்தினதுதான் ஞாபகம் வருது.”

“நின்னது யாரு?”

அவர் கையிலிருந்த காலி வாளியைக் கீழே வைத்தார்.

“மூணு வருஷம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா நின்னது நானு. வலிச்சப்பவும் நின்னது நானு. வேலையும் போச்சு, முதுகும் போச்சு. நான் நின்னதுக்குன்னு மிச்சம் இருக்கறது அந்த ஒரு ஸ்டேஷன்தான். அதையும் கட்டிலுக்கு அடியில போட்டுட்டா, நான் எதுக்குங்க நின்னேன்?”

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. அந்தக் கட்டிடம் தன்னுடையது என்று நினைத்துத்தான் அவர் ஆசைப்பட்டார், தன்னுடையது என்று நினைத்துத்தான் தூக்கியும் எறிந்தார். அது இருவருடையது என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பாக்களை இழுத்தார். நிமிர நேரம் ஆனது.

“பின்சுவர் முழுசையும் புதுசா வெட்டணும்” என்றார். “நாலு வாரம்தான் இருக்கு.”

“வெட்டுங்க. சமையலை நான் உக்காந்துக்கிட்டே பாத்துக்கறேன். உங்க சாப்பாட்டைத் தின்னு எலும்பு இன்னும் ரெண்டு நொறுங்கிரும் போல.”

அவர் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, அழுகையும் கூடவே வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தில் ‘1 அம்மணி = 157’ என்று பெரிதாக எழுதி, இரண்டு கோடு இழுத்திருந்தது.

“இதை அடிச்சுட்டு வேற எழுதணும்” என்றார். பேனா அவர் கையிலேயே நின்றது.

“ஏன் அடிக்கணும்? முன்பக்கம் நின்னப்ப நான் அவ்வளவு இருந்தேன்ல? அது பாட்டுக்கு இருக்கட்டும். ரெண்டு அம்மணி வச்சுக்கங்க. முன்பக்கத்துக்கு ஒருத்தி, பின்பக்கத்துக்கு ஒருத்தி.”

கணக்குப்படி அது நூற்றுக்கு நூறு சரி. அவர் கீழே ‘பின்பக்க அம்மணி = ’ என்று எழுதி நிறுத்தினார். அந்த எண்ணை எழுத அவருக்கு மனம் ஒப்பவில்லை. எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்பதுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எழுதுங்க” என்றாள்.

152 என்று எழுதினார். வளைவு மூன்றும் பத்தில் ஒன்றும். பதினொன்றால் பெருக்கி, எண்பத்தேழால் வகுத்தார். ஐம்பத்தொன்பதரை செண்டிமீட்டர் வந்தது. முன்சுவரும் அதேதான்.

“பொருந்துமா?”

“பொருந்தும்.”

அவள் நாற்காலியிலிருந்து கழுத்தை நீட்டி நோட்டை எட்டிப் பார்த்தாள். அவர் மூடப் போனார். அவள் கையால் தடுத்தாள்.

“தேதியும் போட்டு வைங்க” என்றாள். “அடுத்த தடவை அளக்கும்போது வேணும்.”

அவர் தேதி போட்டார்.